சுகந்தி கொடுத்த செருப்பு

எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். நினைவும் முன்னே மாதிரி இல்லை. ஒன்றைத் தேடிப் போனால் இன்னொன்று கையில் வருகிறது. போன வாரம் குழாயடிச் சண்டையைச் சொல்ல வந்து நடுவில் என் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டேன். அதையும் வெட்டாமல் பத்திரிகையில் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நல்ல வெயில் காலம். சித்திரையாக இருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் இரண்டு தெருவுக்கு நடுவே, சாக்கடைக்கு மேலே கட்டிய சின்னப் பாலமான கல்வெர்ட் மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு நீள நோட்டு. ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வரியைப் படித்து முடித்ததும் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

காலில் பழுப்பு நிறத்தில் ஒரு செருப்பு. அன்றைக்குக் காலையில்தான் எனக்குக் கிடைத்தது.

அந்த வெயிலிலும் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த நோட்டு என் மடிக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பொட்டலக் காகிதம்

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கலாம். எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நான் டவுன்ஷிப்பில் ஐந்து குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அந்த ஐந்து வீட்டிலும் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் ஊர் நிலத்தைச் சுரங்கத்துக்கு அளந்தபோது பள்ளிக்கூடமும் சேர்ந்து போயிற்று. அதோடு என் படிப்பு முடிந்தது.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மளிகைக்கடைப் பொட்டலம். பருப்பைக் கொட்டிவிட்டு காகிதத்தை நீவி வைத்துக்கொள்வேன். ஏதோ வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் ஒரு பக்கம் இருக்கும். ஒருத்தி ரயிலில் ஏறுவாள். எங்கே போனாள் என்பது தெரியாது. அடுத்த பொட்டலத்தில் வேறு ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். எதற்கு அழுகிறாள் என்பது தெரியாது. முதலும் இல்லாமல் முடிவும் இல்லாமல் எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும்.

அதனால்தான் அந்த நோட்டு என் கைக்கு வந்தபோது புதையல் மாதிரி இருந்தது.

வேப்பம்பூ

அது ஒரு கையெழுத்துப் பத்திரிகை. பெயர் ‘வேப்பம்பூ’. நான் வேலை செய்த பிளாக்கில் பத்தாவது, பதினொன்றாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்களும் படித்துக்கொண்டிருந்த பெண்களுமாகப் பத்துப் பதினோரு பேர் சேர்ந்து நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதி. மாதம் ஒரு நோட்டு. ஒரு வீட்டில் இரண்டு நாள் இருக்கலாம், பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

வயசுப் பெண்கள் வீடு வீடாகப் போனால் கேள்வி வரும். வேலைக்காரி போனால் யார் கேட்பார்கள்? என் ஒயர் கூடையில், துவைக்கிற சோப்புக்கும் தேங்காய் நாருக்கும் அடியில் நோட்டு பயணம் செய்யும்.

ஜெயந்தி என்கிற பெண்தான் ஆசிரியர். டைப்ரைட்டிங் கிளாஸ் போகிறவள். ‘எரிமலை’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டிருந்தாள். பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்றுவிடுவாள், அது வேறு விஷயம். மற்றவர்களும் அப்படித்தான், புயல், வாள், பெண் சிங்கம் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் சிங்கத்தின் அம்மா கூப்பிட்டால் பெண் சிங்கம் நோட்டை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு ஓடும்.

நோட்டின் கடைசி எட்டுப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு.

நான் ஒரு வீட்டிலிருந்து எடுத்தால் அடுத்த வீட்டில் உடனே கொடுக்க மாட்டேன். கல்வெர்ட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி ஒரு பக்கமாவது படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கோலம், சமையல் குறிப்பு, விடுகதை எல்லாம் இருக்கும். ஆனால் நான் தேடிப் படித்தது தொடர்கதையை. ‘ஆனந்தி விழித்திருக்கிறாள்’ என்று தலைப்பு. எழுதியது சுகந்தி.

சத்தம் இல்லாத வீடு

சுகந்தி வீடு எனக்கு மூன்றாவது வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவள் அப்பாவுக்கு பெரும்பாலும் நைட் ஷிப்டு. பகலெல்லாம் தூங்குவார். அந்த வீட்டில் பகலில் யாரும் வாய்விட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் கவிழ்க்க வேண்டும். நெய்வேலியில் பாதி வீடுகள் அப்படித்தான், ஆனால் அந்த வீட்டில் கொஞ்சம் அதிகம்.

சுகந்திக்குப் பதினேழு வயது. நன்றாகப் படித்தவள். மேலே படிக்கிறேன் என்று கேட்டாள். அண்ணன் திருச்சியில் பாலிடெக்னிக் படிக்கிறான், அது போதும் என்று நிறுத்திவிட்டார்கள். ஊரில் மாமன் மகனுக்குப் பேசி வைத்தார்கள். அவள் சண்டை போடவில்லை. அந்த வீட்டில் சண்டை போடுவதற்கு எந்த நேரம் இருந்தது?

அவள் கதையில் ஆனந்தி என்கிற பெண் தூங்க மாட்டாள். ‘காலையில் சீப்பை எடுத்தால் இது எதற்கு என்று கைக்குத் தெரியவில்லை’ என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள். ‘நெஞ்சில் ஈரத் துணி மூட்டையை வைத்த மாதிரி இருக்கிறது, யாரும் எடுத்து உலர்த்தவில்லை’ என்று இன்னொரு இடத்தில். துணி துவைக்கிறவள் நான், அந்தக் கனம் எனக்குத் தெரியும்.

எங்கள் பேச்சில் இதற்குப் பேர் கிடையாது. ஒருத்தி பேசாமல் உட்கார்ந்திருந்தால் திமிர் என்பார்கள். அழுதால் வேஷம். இரண்டும் இல்லையென்றால் காத்து கருப்பு, மந்திரிக்க வேண்டும் என்பார்கள். அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் அந்தப் பெண்கள் அதை வேறு விதமாக எழுதியதை முதல்முதலாகப் பார்த்தேன். ‘எனக்கும் இப்படித்தான் இருக்கிறது’ என்று புயல் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ‘எனக்கும்’ என்று வாள். அதற்குக் கீழே பெயர் போடாமல் இன்னொருத்தி, ‘எனக்கும்’.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண் போனில் கதை படிக்கிறாள். கீழே நூறு பேர் இதையேதான் எழுதுகிறார்களாம். எனக்கு அது புதிதில்லை.

முடிவு என்ன வேண்டும்

ஐந்தாவது அத்தியாயம் வந்த மாதம் ஜெயந்தி ஒரு போட்டி வைத்தாள். ஆனந்திக்கு என்ன முடிவு வேண்டும் என்று எல்லாரும் எழுத வேண்டும்.

இரண்டு பேர் கல்யாணம் ஆகி நன்றாக இருக்கட்டும் என்றார்கள். ஏழு பேர் சாகட்டும் என்றார்கள். அவர்கள் கெட்ட பெண்கள் இல்லை. கதாநாயகி செத்தால்தான் கதை மனசில் நிற்கும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அழுகிற மாதிரி முடித்தால்தான் நல்ல கதை என்று அவர்களுக்கு ஒரு பழக்கம். பத்திரிகைத் தொடர்கள் அப்படித்தான் முடிந்தன.

ஜெயந்தி மட்டும் கோபமாக எழுதினாள். ‘பெண்ணுக்கு ஒன்று தாலி, இல்லாவிட்டால் பாடையா? நடுவில் ஒரு பஸ்கூடவா போகாது? ஆனந்தியை அதில் ஏற்றி எங்கேயாவது அனுப்பு.’

நான் எழுதவில்லை. எழுத ஆசை இருந்தது. பென்சில்கூட இருந்தது. வேண்டாம் கண்ணு, அவள் இருக்கட்டும் என்று நாலு வார்த்தை. ஆனால் என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். யார் எழுதியது என்று தெரிந்துவிடும் என்ற கூச்சம். நோட்டை மூடிக் கூடையில் வைத்துவிட்டேன். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரமாக வருகிறது.

கிடைத்த பொருட்கள்

அந்த நாட்களில் சுகந்தி எனக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். முதலில் என் மகளுக்கு ரிப்பனும் கிளிப்பும். பிறகு ஜியாமெட்ரி பாக்ஸ். பிறகு பச்சைத் தாவணி, ஓரம்கூடப் பிரியாதது.

பழைய பொருளை வேலை செய்கிற வீட்டில் கொடுப்பார்கள், நாங்கள் வாங்கிக்கொள்வோம். அது வழக்கம். சந்தோஷமாகத்தான் வாங்கினேன். மைன்ஸில் பெர்மனென்ட் வேலையில் இருக்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு என் மேல் பிரியம் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவும் சொன்னேன்.

அன்றைக்குக் காலையில் பின்கட்டில் நான் துணி அலசும்போது செருப்பைக் கழற்றி வைத்தாள். போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். உனக்கு வேண்டாமா என்றேன். அப்பா வேறு வாங்கித் தருவார் என்றாள். நான் வெறுங்காலில் நடக்கிறவள். தார் ரோட்டில் செருப்போடு நடந்தது எனக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அவளே அந்த மாத நோட்டையும் கூடையில் வைத்தாள். ஆறாவது அத்தியாயம்.

கல்வெர்ட்டில் உட்கார்ந்து பிரித்தேன். ஆனந்தி தன் பொருட்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்குகிறாள். ரிப்பன். ஜியாமெட்ரி பாக்ஸ். பச்சைத் தாவணி. நான் வாங்கிய அதே வரிசை. அடுத்த வரி: ‘கடைசியாகச் செருப்பைக் கொடுப்பாள். அதற்குப் பிறகு அவளுக்கு அது வேண்டியிருக்காது.’

கதையைப் படித்த பெண்களுக்கு இந்தப் பொருட்கள் எங்கே போயின என்று தெரியாது. பொருட்களை வாங்கிய எனக்குப் படிக்கத் தெரியாது என்று சுகந்தி நினைத்திருந்தாள். அதனால்தான் எனக்குக் கொடுத்தாள். இரண்டும் சேர்ந்த இடம் என் ஒயர் கூடை ஒன்றுதான்.

பின்கட்டில்

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போது இன்னொரு பயமும் சேர்ந்து ஓடி வந்தது. அந்த வீட்டுப் பொருள் நாலும் என்னிடம் இருக்கிறது. நான் திருடியிருப்பேன் என்றுதான் முதலில் நினைப்பார்கள். நினைத்தால் ஐந்து வீடும் போகும்.

சுகந்தியின் அம்மா பின்கட்டில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன அஞ்சலை, திரும்பி வந்துட்ட? மெதுவாப் பேசு. அவுக இப்பத்தான் கண்ணசந்தாக.”

“சுகந்தி எங்கம்மா?”

“லைப்ரரிக்குப் போயிருக்கா. புஸ்தகம் குடுக்கணும்னா.”

“கால்ல என்னா போட்டுகினு போச்சு?”

அப்போதுதான் அவர் என் கையைப் பார்த்தார். “இது அவ செருப்புல்லா?”

காலையில் அவளே கொடுத்தாள் என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. அவளுக்கு இருப்பதே ஒரு செருப்பு, அதைக் கழற்றி உனக்குக் கொடுத்தாளாக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அத்தனையும் குசுகுசுவென்று. குசுகுசுவென்று திட்டு வாங்குவது சத்தமாக வாங்குவதைவிட மோசம்.

“ரிப்பன் குடுத்துச்சு, டப்பா குடுத்துச்சு, பச்சைத் தாவணி குடுத்துச்சு. எல்லாம் எங்க வூட்ல இருக்குது. அப்புறமா போலீசுக்கு வேணும்னாலும் சொல்லுங்க. மொதல்ல இதப் படிங்கம்மா.”

நோட்டைப் பிரித்து அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த வரியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். உனக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்கிற பார்வை. பிறகு படித்தார். முறத்திலிருந்து அரிசி சரிந்து கொட்டியது. அள்ளவில்லை.

எழுந்து உள்ளே போனார். அந்த வீட்டுச் சுவர்கள் பகலில் கேட்டிராத சத்தத்தில், “ஏங்க, எந்திரிங்க. புள்ளையக் காணும்” என்று கத்தினார். இரண்டு பக்கத்து வீட்டிலும் கதவு திறந்தது.

நிழல் போகிற வழி

அவள் அப்பா லுங்கியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று அவருக்கும் தெரியாது. ஆறாவது அத்தியாயத்தில் ஆனந்தி எங்கே போகிறாள் என்று எழுதவில்லை.

லைப்ரரிப் பக்கம் ஓடலாம் என்றார் அம்மா. நான் வேண்டாம் என்றேன். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். அந்தப் பெண் வெறுங்காலில் நடந்து பழகாதவள். பதினோரு மணி வெயில். தார் இளகிக் கிடக்கிறது. வெறுங்காலில் போகிறவள் நினைத்த வழியில் போக முடியாது. நிழல் எங்கே கூட்டிப் போகிறதோ அங்கேதான் போக முடியும். எந்த மணிக்கு எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பது எனக்குத் தெரியும். அந்த வருஷங்களில் நான் வேறு எதைக் கற்றேன்?

வாசலிலிருந்து வேப்ப மரங்கள் இருந்த வரிசையைப் பிடித்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் நோட்டோடு என் பின்னால் வந்தார். தெரு திரும்பியது. தைல மரங்கள் வந்தன. தைல மரத்தில் நிழல் ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஆனாலும் நடக்கலாம். அதற்கப்புறம் மைன்ஸ் போகிற பெரிய ரோடு. அங்கே மரமே கிடையாது.

கடைசி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு, எதிரே கானல் ஆடுகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் இரண்டும் சிவந்து கொப்புளம் கண்டிருந்தது. அந்த ரோட்டில் இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு, சூடு தாங்காமல் திரும்ப வந்து உட்கார்ந்ததாகப் பின்னால் அவள் அம்மாவிடம் சொன்னாளாம்.

நான் செருப்பை அவள் முன்னால் வைத்தேன்.

“அஞ்சலக்கா,” என்றாள். “உங்களுக்குப் படிக்க வருமா?”

“எழுத்துக் கூட்டிப் படிப்பேன் கண்ணு.”

அப்புறம்தான் அம்மா கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் எழுத மாட்டேன், எனக்கு எழுத வராது.

“யாரைக் கேட்டு அம்மாகிட்ட குடுத்தீங்க?”

அவள் அம்மா திட்டவில்லை, அழவில்லை. ரோட்டோரப் புழுதியில் அப்படியே உட்கார்ந்து, மகள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். சைக்கிள் திரும்பி வருகிறவரை ஊதினார்.

கண் டாக்டர்

மந்திரிக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவள் அப்பாவும் சரி என்கிற மாதிரிதான் இருந்தார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார் என்று யாரிடமோ விசாரித்து, மாதாமாதம் மகளைப் பஸ்ஸில் கூட்டிப் போனார். தெருவில் கேட்டவர்களுக்குக் கண் டாக்டர் என்று சொன்னார். பொய்க்கு ஆதாரமாக அவளுக்கு ஒரு பவர் இல்லாத கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தார். சுகந்தி அதைப் போட்டுக்கொண்டு துணி காயப்போடுவாள்.

ஒரு தடவை நானும் துணைக்குப் போனேன். டாக்டரைப் பார்க்க சுகந்தி உள்ளே போயிருந்தாள். அவள் அம்மா வெளி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த சீப்பு வெவரம் எழுதியிருக்கால்ல, எனக்கும் அப்படித்தான் இருந்துது அஞ்சலை. கல்யாணமாகி இங்க வந்த புதுசுல. நான் யாருகிட்டயும் சொல்லல. அவ எழுதிட்டா.”

மாமன் மகன் வீட்டில் விஷயம் தெரிந்து சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். வீட்டில் எல்லாரும் தலையில் கை வைத்தபோது, விட்டது தொல்லை என்று சொன்னதும் அந்த அம்மாதான்.

‘வேப்பம்பூ’ நின்றுவிட்டது. ஒரு வீட்டில் தெரிந்தால் எல்லா வீட்டிலும் தெரிந்த மாதிரி. பெண்களுக்கு அடி விழுந்தது. கதை எழுதி, கதை படித்துத்தான் பெண்கள் இப்படி ஆகிறார்கள் என்று பேசினார்கள். எனக்கு இரண்டு வீடு போயிற்று. சாகட்டும் என்று எழுதியவர்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், குழாயடிக்கு வந்து சுகந்தி சாப்பிடுகிறாளா, சாப்பிடுகிறாளா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜெயந்தி நேராகவே சொன்னாள். “நீங்க செஞ்சது சரிதாங்க்கா. ஆனா எங்களுக்குப் பேச இருந்தது அந்த ஒரு நோட்டு. அதுக்கு உங்கள நான் மன்னிக்க மாட்டேன்.” அவள் சொன்னதில் இரண்டுமே சரி. இத்தனை வருஷமாக நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், இரண்டையும்.

சுகந்தி அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் அந்த வீட்டில் இன்னும் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ வேலை செய்தேன். நான் பின்கட்டில் இருந்தால் அவள் முன்கட்டுக்குப் போவாள். ஒரு நாள் பையை மாட்டிக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்குப் போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. போகட்டும் என்று நின்று பார்த்தேன்.

சரிபார்க்க வேண்டியது

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் தப்பு இருக்கும். அது ஆறாவது அத்தியாயமா ஏழாவதா, சாகட்டும் என்றவர்கள் ஏழு பேரா எட்டு பேரா, தாவணி பச்சையா நீலமா என்பதெல்லாம் இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஏழாவது அத்தியாயம் அவள் எழுதினாளா என்பதும் எனக்குத் தெரியாது.

அவள் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்பதைத் தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பத்திரிகையில் யாராவது ஒருவர் அவளைத் தேடிப்போய், நான் எழுதியதை முதலில் அவளிடம் படிக்கக் கொடுங்கள். தப்பு இருந்தால் அவள் திருத்தட்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் கிழித்துப் போட்டுவிடுங்கள், இந்த வாரம் என் பக்கம் காலியாகவே வரட்டும்.

அன்றைக்கு அவளைக் கேட்க நேரம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.